ஆணியில் தொங்கிய இரண்டு வில்லைகள்

மூன்று நாளாக நானும் என் வீட்டுக்காரர் கஸ்ஸியானும் பேசிக்கொள்ளவில்லை. நான் செய்த ரொட்டி உருண்டையைக் கடித்துவிட்டு, மலையிடுக்கைப் பார்க்க வந்த கூட்டத்தின் எதிரிலேயே, "நான் பாறையிலேர்ந்து தட்டி விடுற கல்லு இதைவிட மெத்துன்னு இருக்கும்" என்று சிரித்தார் மனுஷன். எனக்கு வந்ததே கோபம்!

அவருக்குப் பாறை துப்புரவு வேலை. கயிற்றில் தொங்கி, ஆடுகிற கற்களை, ஆற்றை ஒட்டிய மரப்பலகை நடைபாதையில் போகிறவர்கள் தலையில் விழுவதற்குள் தட்டி விடுவார். நான் கீழ்வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்கிறேன். வேலைக்காரர் யாரானாலும் உள்ளே போகும்போது பெயர் பொறித்த பித்தளை வில்லையைக் கீழ்வாசல் ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். ஆணி காலியானால்தான் அணைக்கட்டுக்காரன் வென்டலினுக்கு நான் தகவல் சொல்வேன். அதற்கப்புறம்தான் அவன் மேலேயிருந்து இடுக்கு வழியாகத் தண்ணீரைத் திறப்பான்.

அன்று மதியம் மலைமேல் பேய்மழை. சுற்றிப் பார்க்க வந்தவர்களை எண்ணி வெளியே அனுப்பி முடித்தேன். வென்டலின் போன் செய்தான்.

"அஃப்ரா அக்கா, ஏரி தளும்புது. மூணரைக்குள்ள மதகைத் திறக்கணும். திறக்காட்டியும் அதுவா வழிஞ்சு வந்துரும். எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

ஆணியைப் பார்த்தேன். கஸ்ஸியானின் வில்லை தொங்கியது. மணி இரண்டே முக்கால்.

"இருடா, ஒரு ஆள் பாக்கி. நான் சொல்ற வரைக்கும் மதகுல கை வைக்காதே."

"யாரு, அக்கா?"

"எல்லாம் என் தலையெழுத்து!"

இடுக்குக்குள் போன் எடுக்காது. நானும் வேலைக்காரிதானே, என் வில்லையையும் மாட்டிவிட்டு ஓடினேன்.

மூன்று நாள் பேசாததற்கும் சேர்த்து அவர் பெயரைக் கத்தினேன். ஆற்றின் இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பாறையில் கயிறு இல்லை, சுத்தியல் சத்தம் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்துக் குனிந்து, தண்ணீரில் அவருடைய சிவப்புத் தலைக்கவசம் மிதக்கிறதா என்று பார்த்தேன். கடவுளே, இந்த மனுஷன் இனி என் சமையலை ஊர் முழுக்கக் கேலி செய்யட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

மேல்வாசல் வரைக்கும் போய்விட்டேன். ஆள் இல்லை. எங்காவது அடிபட்டுக் கிடப்பதைக் கவனிக்காமல் வந்துவிட்டேனோ என்று திரும்பவும் கீழே இறங்கினேன். பாதி வழியில், கீழேயிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கஸ்ஸியான்!

"அடியே! தண்ணி வரப்போற நேரத்துல உள்ள என்னடி பண்றே?"

"யோவ், உன்னைத் தேடித்தான்யா வந்தேன்! எங்கே போய்த் தொலைஞ்சே?"

"மேல சத்திரத்துல சூப் குடிச்சிட்டிருந்தேன். கீழ வந்தா உன் மூஞ்சியில முழிக்கணுமேன்னு மேல்வாசல் வழியாப் போயிட்டேன். மழையைப் பாத்ததும்தான் வில்லை ஞாபகம் வந்துச்சு. ரோட்டு வழியாக் கீழ்வாசலுக்கு ஓடியாந்து பாத்தா, என் வில்லைக்குப் பக்கத்துல உன் வில்லை தொங்குது. ஈரக்குலையே நடுங்கிப்போச்சுடி."

"அறிவு கெட்ட மனுஷா! ஒரு வில்லையைக் கழட்ட வக்கில்லாம…"

"வெளிய போய்த் திட்டு. இப்ப ஓடு!"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். வழுக்கிய இடத்தில் தூக்கி நிறுத்தினார். மூன்று இருபத்திரண்டுக்குக் கீழ்வாசல். இரண்டு வில்லைகளையும் கழற்றிவிட்டு வென்டலினுக்குப் போன் போட்டேன்.

"ஆணி காலி. திற."

கொஞ்ச நேரத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் இறங்கியது. நாங்கள் நின்று சண்டை போட்ட பலகைகளை மூழ்கடித்துக்கொண்டு போனது. நான் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கஸ்ஸியானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தட்டினார்.

"அதான் உயிரோட இருக்கேனே, அப்புறம் ஏன்டி அழறே?"

"இருக்கேல்ல, அதுக்குத்தான்யா அழறேன்" என்றேன்.