கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்

திங்கட்கிழமைகளில் நூலகத்துக்குள் வாசகர்களை விடமாட்டார்கள். முன்கதவைப் பூட்டிவிட்டு, படிப்பறையின் நீள மேசைமேல் பழைய செய்தித்தாள்களை விரித்து, கிழிந்த புத்தகங்களைக் குவித்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். தலைமை நூலகர் ஸ்லாத்கா பசை கிண்டுவார். குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஓக்னியான், உதிர்ந்த பக்கங்களை வரிசைப்படுத்துவார். தையல் மட்டும் தெமெனுகாவின் வேலை. ஊரிலிருந்த தையல் ஆலையை மூடும்வரை அவள் ஆண்களுடைய கோட்டுகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள். புத்தக முதுகும் காலரும் ஒன்றுதான், அமுக்கிப் பிடித்தால் சொன்னபடி கேட்கும் என்பாள்.

ஒட்டிய புத்தகத்தின்மேல் மூடிப்போன மளிகைக்கடையிலிருந்து வாங்கிவந்த எடைக்கற்களை வைப்பார்கள். பசை காயும்வரை ஒருவர் தாம் கடைசியாகப் படித்ததைப் பற்றிப் பேச வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அதுதான் சட்டம். பின்பாதியை யாரும் ஒருநாளும் மதித்ததில்லை.

"நான் தேனீக்காரர் ஒருத்தரோட வாழ்க்கை வரலாறு படிச்சேன்" என்றார் ஸ்லாத்கா. "இந்தத் தலையணை சைஸு. தேனீக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்யணும், ராணித் தேனீ கோவிச்சுக்கிட்டா என்ன செய்யணும், எல்லாம் இருக்கு. பொண்டாட்டி பேரு மட்டும் ஒரு இடத்துலகூட வரல."

"ராணித் தேனீயவே கட்டிக்கிட்டாரோ என்னவோ" என்றார் ஓக்னியான்.

"அண்ணே, உங்க முறை வரும்போது பேசுங்க" என்று தெமெனுகா ஊசியை அவர் பக்கம் நீட்டினாள்.

"என் முறையா? வடதுருவத்துக்குப் போனவங்க கதை. பாதி வழியில கூட வந்த நாய்ங்களயே அடிச்சுத் தின்னுட்டானுங்க, பாவிங்க! அதோட மூடி வெச்சிட்டேன். அவனுங்க துருவத்துக்குப் போனா என்ன, போகாட்டி எனக்கென்ன?"

ஜன்னலுக்கு வெளியே டான்யூப் ஆறு சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஸ்லாத்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சா இன்னும் சூடு ஆறவில்லை. தெமெனுகா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, எண்ணெய் விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு நூலைக் கோத்தாள். இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்த மேசை அவளுக்கு நிரந்தரமில்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய தற்காலிக ஆள் அவள். குளிர்காலத்தோடு அது முடிகிறது. அதன்பிறகு நகராட்சி ஒரு நிரந்தர இடம் போடப்போவதாகப் பேச்சு. அது கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் தங்கை மாதிரி அவளும் பஸ் ஏறி கிரீஸுக்குப் போய், யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டு அந்த வீட்டின் சின்ன அறையில் கிடக்க வேண்டும். மகள் பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

அதனால்தான் நகராட்சிக் கலாச்சாரப் பிரிவின் திமானா அம்மையார் செல்போனோடு வந்து நின்றபோது தெமெனுகா ஊசியைக் குத்தி வைத்துவிட்டு முதல் ஆளாக எழுந்து நின்றாள்.

"நூலக வாரத்துக்காக ஒரு சின்ன வீடியோ. சமீபத்துல படிச்ச புத்தகத்தப் பத்தி ஆளுக்கு ரெண்டு வார்த்தை" என்றார் திமானா. பிறகு தெமெனுகாவைத் தனியாகப் பார்த்து, "நல்லா பேசும்மா. நல்லா வந்தா உன் வேலை விஷயத்த நானே மேல சொல்றேன்" என்றார்.

ஸ்லாத்கா தேனீக்காரரைப் பற்றிப் பேசும்போது இருமல் வந்து கெடுத்தது. ஓக்னியான் நாய்களைப் பற்றி ஆரம்பித்ததுமே திமானா நிறுத்திவிட்டார். தெமெனுகா அப்போது தைத்துக்கொண்டிருந்த நாவலையே தூக்கிப் பிடித்தாள். 'கேரா ஏறிய படகு' என்று பெயர். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி, வயிற்றுப் பிழைப்புக்காகப் புருஷனையும் குழந்தையையும் விட்டுவிட்டுக் கடல் கடந்து போகிற கதை.

"நான் இத ரெண்டு ராத்திரியில படிச்சேன்" என்றாள் தெமெனுகா. முதலில் செல்போனையே பார்த்துப் பேசினாள், பிறகு அதை மறந்துவிட்டாள். "எத்தனையோ கதையில கடைசியில எல்லாத்தையும் கட்டி முடிச்சுக் கையில குடுத்துருவாங்க. இத எழுதினவரு அப்படிச் செய்யல. படகு கிளம்புது, குழந்தை கையக் கூட ஆட்டல, முடிஞ்சுது! திரும்பி வந்தாளா இல்லையான்னு சொல்லவே இல்ல. நம்ம ஊர்ல எத்தனை பேர் வாசல்ல நின்னு வழியனுப்பியிருக்கோம்? வருவாங்களான்னு யாருக்குத் தெரியும்? இந்த மனுஷனுக்கு அது தெரிஞ்சிருக்கு. மூடி வெச்சிட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன்."

ஸ்லாத்கா மூக்கை உறிஞ்சினார். திமானாவுக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது.

வீடியோ ஊரெல்லாம் பரவியது. ரொட்டிக்கடையில் தெமெனுகாவைப் பிடித்து நிறுத்திப் பேசினார்கள். திமானா அவளுடைய சிரித்த முகத்தைப் பெரிய சுவரொட்டியாக அச்சடித்து நூலகக் கதவில் ஒட்டினார். 'நாங்கள் படித்தோம், நீங்களும் படியுங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க, மாவட்ட நூலகத்திலிருந்து அதே நாவலின் பிரதிகளை வரவழைத்தார்கள்.

வினை அதில்தான் இருந்தது.

முதலில் வந்தது மருந்துக்கடை வில்கானா. புத்தகத்தை மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"ஏம்மா தெமெனுகா, என்னத்தப் படிச்சே நீ? கேரா திரும்பி வந்துட்டாளே! புருஷன் துறைமுகத்துல காத்துக்கிட்டிருக்கான், கட்டிப்புடிச்சு அழறாங்க, ஆட்டுக்குட்டி அடிச்சு ஊருக்கே விருந்து வெக்கிறாங்க!"

தெமெனுகா அந்தப் பிரதியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். துறைமுகம் இருந்தது, ஆட்டுக்குட்டியும் இருந்தது. காது மடல்வரை சூடேறியது. தையலுக்கு வந்த பிரதியில், ஒன்றாகச் சேர்த்துத் தைத்த கடைசிப் பக்கங்களின் மடிப்பு எப்போதோ உதிர்ந்து போயிருக்கிறது. உதிர்ந்த புத்தகங்களைப் படித்துப் படித்துப் பழகிப்போனவளுக்கு, பக்கம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஓக்னியான் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்பார்த்தார். "அடிப்பாவி! எழுதினவன் விட்டதுன்னு நெனச்சு நீ அழுதது, எலி தின்னதுக்கா?"

"சும்மா இருங்கண்ணே, மானம் போகுது!" என்றாள் தெமெனுகா. ஆனால் அவளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வாரமே வில்கானா திரும்பி வந்தாள். "அந்த ஆட்டுக்குட்டி எனக்குப் புடிக்கல. உன்னோட கிழிஞ்ச புத்தகத்தக் குடு" என்றாள். அவள் சொல்லி மீன்காரர் வந்தார், அவர் சொல்லிப் பள்ளிக்கூட வாத்தியாரம்மா வந்தார். முழுப் பிரதிகள் அலமாரியில் கிடக்க, கிழிந்த பிரதிக்கு ஆட்கள் முறைபோட்டுக் காத்திருந்தார்கள். திரும்பி வந்தாளா இல்லையா என்று படிப்பறையில் சண்டையே நடந்தது. இப்படியொரு கலகலப்பைப் பல வருஷமாகப் பார்த்ததில்லை என்று ஸ்லாத்கா பூரித்துப்போனார்.

நகராட்சிக்கு அது கலகலப்பாகத் தெரியவில்லை. பக்கத்து ஊர்ச் செய்தித்தாள் ஒன்று, முடிவைப் படிக்காமலே கருத்துச் சொன்ன நூலகம் என்று கேலியாக எழுதிவிட்டது. நிரந்தர இடத்துக்கு நூலகப் பட்டம் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு பெண்ணைப் போட்டார்கள்.

"என்னால ஒண்ணும் செய்ய முடியல" என்றார் திமானா. "நீ படிச்சு முடிச்சிருந்தீன்னா பேசியிருப்பேன்."

"பக்கம் இருந்த வரைக்கும் நான் படிச்சேங்க" என்றாள் தெமெனுகா.

"சரி, போகட்டும். அந்தப் பக்கங்களைத் தேடி ஒட்டிட்டுப் போயிடு. புதுசா வர்ற பொண்ணுக்குத் தையல் தெரியாது. பழைய தூசியும் ஒத்துக்காதாம்."

கடைசித் திங்கட்கிழமை தெமெனுகா பின்கதவு வழியாக வந்தாள். சக்கரம் வைத்த பெட்டியைக் குடைகள் வைக்கும் மூலையில் நிறுத்தினாள். கிரீஸ் பஸ் மத்தியானம் கிளம்புகிறது. தங்கை பார்த்து வைத்த வீட்டில் படுக்கையோடு கிடக்கும் ஒரு பெரியவர், அவளுக்குக் கொடுக்கும் இடம் சமையலறைக்குப் பக்கத்து அறை.

மேசையில் பனீட்சா இருந்தது, இந்த முறை இரண்டு தட்டு. ஸ்லாத்கா வழக்கத்தைவிட அதிக நேரம் பசையைக் கிண்டினார். உதிர்ந்த பக்கங்களையெல்லாம் போட்டு வைக்கும் அட்டைப்பெட்டியை ஓக்னியான் கவிழ்த்துத் தேடினார். அதில் இல்லை. எடைக்கல் பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்த காகிதக் கற்றையில் அந்த மடிப்பு இருந்தது.

"கெடச்சிருச்சு. கிழிச்சுப் போட்டுரட்டா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

"குடுங்கண்ணே. வேலையச் சுத்தமா முடிச்சுட்டுப் போறேன்."

தெமெனுகா மடிப்பைத் தட்டி நேராக்கினாள். பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு, காலர் தைப்பதுபோல அமுக்கி இழுத்தாள். இழுத்த தையல் தெரியாத அளவுக்கு உள்ளே போய் உட்கார்ந்தது. முதுகில் பசை தடவி, புத்தகத்தை மூடி, எடைக்கற்களைத் தூக்கி வைத்தாள். நாளைக்குத்தான் அதைத் திறக்கலாம்.

"பசை காயணும்" என்றார் ஸ்லாத்கா. "முழுசாப் படிச்சுட்டே இல்ல, சொல்லு. கடைசி எப்படி?"

தெமெனுகா ஒரு துண்டு பனீட்சாவை எடுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. துறைமுகம் நல்லா இருக்கு, ஆட்டுக்குட்டி வாசனைகூட வருது. நானும் அழுதேன், பொய் சொல்லக்கூடாது" என்றாள். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "திரும்பி வர்றதுக்கு டிக்கெட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் எழுதல."

யாரும் குறுக்கே பேசவில்லை. ஓக்னியான் எழுந்து போய் அவளுடைய சக்கரப் பெட்டியைப் பின்கதவுவரை தூக்கிக்கொண்டு போய் வைத்தார். ஸ்லாத்கா மீதிப் பனீட்சாவையெல்லாம் காகிதத்தில் சுற்றி, வழியில் சாப்பிடச் சொல்லி அவள் பைக்குள் திணித்தார்.

பஸ் நிலையத்துக்கு நூலகத்தின் முன்பக்கமாகத்தான் போக வேண்டும். பூட்டிய கதவின் சுவரொட்டியில் தெமெனுகா புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். திமானாவின் ஆள் ஒருவர் ஏணிமேல் நின்று, மழைக்கு அது நனையாமலிருக்கக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். சந்தைக்குப் போகிற ஒரு பெண் நின்று பார்த்துவிட்டு, ஏணிக்காரரிடம், "நாளைக்கு இந்தம்மா இருப்பாங்கல்ல?" என்று கேட்டாள்.

"இருப்பாங்க, இருப்பாங்க" என்று அவர் கீழே பார்க்காமலே சொல்லிக் கடைசி ஆணியை அடித்தார். தெமெனுகா ஏணியைச் சுற்றிக்கொண்டு பெட்டியை இழுத்துப் போனாள்.