தம்பியின் வேட்டைக்கத்தி

அன்று என் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், என் தம்பி, தையல்காரியான தம்பி மனைவி, தம்பியோடு வேட்டைக்குப் போகும் பேருந்து ஓட்டுநர். ஓட்டுநரை ‘ஒற்றைத் தோட்டா’ என்பார்கள். ஒரே தோட்டாவில் ஒரு மானைச் சாய்த்த கதையைப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார். மான் வருடாவருடம் வளர்கிறது.

இங்கே மான் வேட்டைக்கு அனுமதி உள்ள பருவம் தொடங்குவதற்கு முந்திய வாரம் தம்பி தன் கத்தியைத் தீட்ட என்னிடம் கொண்டுவருவான். இருபத்திரண்டு வருடங்களாக அப்படித்தான். அப்பா கத்தியை அவனுக்கும் சாணைக்கல்லை எனக்கும் கொடுத்தார். ஆகவே அந்தக் கத்தியில் எனக்கும் பாதி உண்டு.

தீட்டுவதற்கு முன் கத்தியின் விளிம்பு நெடுகக் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்துக்கொள்வேன். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது என்று தெரியும். நான் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கும் அளவு என்றும் மாறியதில்லை. அதனால் மை நுனிவரை சுத்தமாகப் போய்விடும். அன்று மேலே மட்டும் போனது. வெட்டும் நுனியில் மயிரிழை அகலத்துக்குக் கறுப்பு அப்படியே நின்றது. யாரோ கத்தியை இன்னும் நிமிர்த்திப் பிடித்துத் தீட்டியிருக்கிறார்கள்.

“யார் கை பட்டுது இதுல?” என்று கேட்டேன்.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. என் கணவர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

“நான்தான் அண்ணி. கத்திரிக்கோல் தீட்டும்போது இதையும் சேர்த்துத் தீட்டிட்டேன்” என்றாள் தையல்காரி.

எங்கள் அப்பாவின் கத்தியைத் துணி வெட்டும் கத்திரிக்கோலோடு சேர்த்துவிட்டாள். நான் பொறுத்துக்கொண்டேன். ஒற்றைத் தோட்டாவுக்குத்தான் நாக்கு நிற்கவில்லை.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை நீங்க தீட்டினது எலும்புல பட்டதும் விளிம்பு உதிர்ந்துபோச்சு. தங்கச்சி தீட்டினப்புறம் ரெண்டு மான் உரிச்சோம். கத்தி அசரவே இல்லை.”

நான் தம்பியைப் பார்த்தேன். “அப்புறம் எதுக்குடா இங்க கொண்டு வந்தே?”

“நீ வருத்தப்படுவேன்னுதான்க்கா.”

வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? விளிம்பு உதிர்ந்ததற்காக அல்ல. இரும்பு என்றால் உதிரும். அதை அவன் அவளிடம் சொல்லி, என்னிடம் ஒரு வருடம் சொல்லாமல் இருந்தானே, அதற்காக. நான் வருத்தப்படாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

விட்டுக்கொடுப்பது எங்கள் குடும்பத்தில் இல்லை. மறுபடி கல்லை நனைத்தேன். அவள் வைத்த விளிம்பு முழுவதும் தேய்ந்து போகும்வரை தேய்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒற்றைத் தோட்டா தன் மான் கதையை எடுத்தார். யாரும் கேட்கவில்லை. இடையில் என் கணவர், போதும், கை வலிக்கப்போகிறது என்றார். கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

முடித்ததும் ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டிக் காட்டினேன். சத்தமில்லாமல் இரண்டானது. கத்தியைத் துடைத்துத் தம்பியிடம் நீட்டினேன். அவன் வாங்கி, யோசிக்காமல், பக்கத்திலிருந்த அவளிடம் கொடுத்தான். அவள் கட்டைவிரலை விளிம்பின் குறுக்கே மெல்ல வைத்துப் பார்த்தாள். அவன் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று. இருபத்திரண்டு வருடங்களாக அவன் அப்படிப் பார்த்தது என் விரலை.

“நல்லா வந்திருக்கு அண்ணி” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இது நடந்து மூன்று பருவங்கள் ஆகிவிட்டன. தம்பி மனைவிமேல் உள்ள பொறாமையால் நான் கத்தியைத் தீட்ட மறுத்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பொறாமை உண்மை. நான் மறுத்தேன் என்பது பொய். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் கேட்கவில்லை.