காக்கா இன்னும் வரவில்லை

தம்பிக்குப் போட்டுவிட நல்ல சட்டை ஒன்றைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள் அக்கா. முதுகுக்குப் பின்னால் கணினி 'டிங்' என்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டிங்'. விடியற்காலையில் அவன் மூச்சு நின்றுபோனதை அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கணினியை அணைக்கப் போனாள். திரையில் செய்திகள் வரிசை கட்டி நின்றன.

'உள்ளேன் ஐயா - புயல்.'

'உள்ளேன் ஐயா - தூங்குமூஞ்சி. மேனேஜர் பின்னாடியே நிக்கிறான், சீக்கிரம் குறிங்க வாத்தியாரே.'

விபத்தில் கால்கள் போனதிலிருந்து தம்பிக்கு இந்த அறைதான் உலகம். இணைய விளையாட்டுக் கூட்டணி ஒன்றுக்கு வருகை எழுதும் 'வாத்தியாராக' இருந்தான். சொந்தப் பெயரில் பதிவு செய்தவர்களின் வருகையைத் தளமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அப்படிப் பதிவு செய்ய முடியாதவர்களும் இருந்தார்கள்: பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஆடுபவர், அலுவலகக் கணினியில் ஆடுபவள். அவர்கள் குரல் கொடுக்கக் கொடுக்க இவன் கையால் ஏற்றுவான். தினமும் மாலை நாலு மணிக்குள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தால் தளம் அந்த ஆளைத் தூக்கிவிடும். மாதக்கணக்கில் கட்டிய கோட்டையும் சேர்ந்து போகும்.

சாப்பாடு ஆறிப்போக அவன் அதைச் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் நின்று திட்டியிருக்கிறாள். அவள் கணவர், "நாடில்லாத ராஜாவுக்கு மந்திரி" என்று சிரிப்பார். நின்று திட்டியதில் அவளுக்கும் அந்த வேலை மனப்பாடமாகியிருந்தது.

மணியைப் பார்த்தாள். நாலாக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, 'நன்றி' என்று பதில் போட்டாள்.

'வாத்தியாரே, உடம்பு கிடம்பு சரியில்லையா? நன்றியெல்லாம் சொல்றீங்க. "வந்துட்டாரு பாரு தொரை"ன்னு நாலு வார்த்தை திட்டுனாத்தானே எங்களுக்கு வேலை ஓடும்' என்றது புயல்.

அவள் தட்டினாள்.

'நான் அவனோட அக்கா. தம்பி இன்னிக்குக் காலையில தவறிட்டான்.'

தூங்குமூஞ்சி, 'அக்கா' என்று மட்டும் போட்டாள்.

'நாங்க யாருமே அவர நேர்ல பாத்ததில்ல' என்று புயல் எழுதியது. 'எங்க கட்டமெல்லாம் கிடக்கட்டும். நீங்க போய் அவர் பக்கத்துல இருங்க.'

அவள் எழுந்திருக்கவில்லை. மற்ற பெயர்களையும் முடித்தாள். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

'காக்கா யாரு?'

'லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன்க்கா. கட்டடத்துக்கு அடியில சிக்னல் இருக்காது. மேல ஏறி வந்துதான் சொல்லுவான். தினமும் கடைசி ஆளு அவன்தான்.'

'வந்ததா நானே போட்டுடட்டுமா?'

புயல் மறுத்தது.

'வாத்தியார் ஆள் வராம போடமாட்டாருக்கா. எவ்வளவு கெஞ்சினாலும் சட்டம் பேசுவார். ஆனா அவன் வர்ற வரைக்கும் எடத்த விட்டு நகரவும் மாட்டார்.'

"இங்கயா இருக்க?" கணவர் வாசற்படியில் நின்றார். "வண்டி வந்தாச்சு. சட்டை எடுத்துட்டு வரேன்னு போன ஆளு..." திரையைப் பார்த்தார். "அதை விட்டுத்தள்ளு. இனிமே யாருக்கு அது?"

சட்டையை அவரிடம் நீட்டினாள். "நீங்களே போட்டுவிடுங்க. கைப் பொத்தானையும் போட்டுடுங்க. தொங்கினா அவனுக்குப் பிடிக்காது."

"நீ வரல?"

"ஒருத்தர் வரணும்ங்க."

"யாரு? தூரத்துலேர்ந்தா?"

"அடித்தளத்துலேர்ந்து."

அவர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மந்திரி என்று வாயெடுக்கவில்லை.

"வண்டிக்காரர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கியிருக்காங்கன்னு சொல்லுங்க."

சட்டையைக் கசங்காமல் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவர் போனார். முன்கூடத்தில் யாரோ என்னவென்று கேட்பதும் அவர் ஏதோ சொல்வதும் கேட்டன. சற்று நேரத்தில், தெருவில் உறுமிக்கொண்டிருந்த எஞ்சினை ஓட்டுநர் அணைத்தார்.