ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு போவார்கள். நான் கையை நீட்டினேன். அந்தக் கிறுக்குத்தனத்தால்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் கீபோர்டு, நான் பாட்டு. பிறந்தநாள், சின்ன விருந்து, மொட்டைமாடிக் கூட்டம் என்று ஒன்பது வருடமாக ஓடுகிறது. எந்தப் பாட்டு, எந்தச் சுதி, நான் எந்த உடை, எல்லாம் அவன் முடிவுதான். என் மைக்கின் சத்தம்கூட அவன் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கொஞ்சம் கூட்டு என்று கண்ணைக் காட்டினால், பார்க்காத மாதிரி வாசிப்பான், கல்லுளிமங்கன்.

பழைய ஸ்பீக்கர் பெட்டி புகைந்து செத்தது. புதிது பார்க்கலாம் என்றான். அதே வாரம் ஒரு புத்தகக் கடைக்காரம்மா என்னை மட்டும், தனியாக, சனிக்கிழமை மாலை பாடக் கூப்பிட்டிருந்தார். ஸ்பீக்கர் பெட்டி, மைக், ஸ்டாண்டு எல்லாம் நானே கொண்டுவர வேண்டும். அவர் கடை மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதைப் பற்றி அண்ணனிடம் நான் மூச்சுவிடவில்லை.

அண்ணனும் நானும் கடைக்குப் போனோம், விற்பவர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். பெரியது முப்பது கிலோ, தூக்க இரண்டு ஆள் வேண்டும். சின்னது எட்டு கிலோ, பேட்டரியில் ஆறு மணி நேரம் ஓடும், நாற்பது பேருக்குத் தாராளம் என்றார். அதில் பாடிப் பார்த்தேன். சத்தத்தை நானே திருகி வைத்துக்கொண்டேன். என் குரலை முழுசாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அழுகை வந்துவிட்டது. அண்ணனோ பெரியதில் கீபோர்டைச் சொருகி, தரை அதிர்வதில் சொக்கிப்போயிருந்தான்.

சின்னதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன். மூச்சு வாங்கவில்லை. அதோடு விட்டேனா? மைக் ஸ்டாண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். பாதிப் படி ஏறும்போது கீழே கீபோர்டுச் சத்தம் நின்றது.

அண்ணன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"தூக்கத்தான் நான் இருக்கேனே. நீ எதுக்குத் தூக்கிப் பாக்கறே?"

"சும்மாதான்."

"ஸ்டாண்டோடயா?"

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சனிக்கிழமை விஷயத்தைப் போட்டு உடைத்திருப்பேன். பாவி, கத்தவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

"என்னை விட்டுட்டுப் போகப் போறியா?"

விற்பவர் திரும்பிக்கொண்டு ஏதோ வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஆமாம் என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் நான் இல்லாமல் அவனை யாரும் வாசிக்கக் கூப்பிடமாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவன்மேல் அல்ல, உடனே இளகிவிடுகிற என் பாழாய்ப்போன மனசின்மேல். இறங்கி வந்து சின்னதை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

"பெரிசையே குடுத்துடுங்க" என்று சொன்னது நான்தான்.

அண்ணனுக்கு உயிர் திரும்பி வந்தது. பெட்டியை ஒரு பக்கம் அவனும் மறு பக்கம் நானுமாகப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோனோம். இடித்துவிடாமல் பார்த்து வரச் சொன்னான். பிறகு, "சனிக்கிழமை ஒரு பிறந்தநாளுக்குக் கேட்டிருக்காங்க, வர்றோம்னு சொல்லிடட்டுமா?" என்றான்.

"சொல்லிடுண்ணே" என்றேன்.