பழைய சக்கரத்திலேயே

"ஜாக்கிய மெதுவா இறக்கு" என்றான் எலிசேயோ, பிக்அப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி. "பாரம் ஸ்பிரிங்குல உக்காந்தப்புறந்தான் கடைசி போல்ட்ட முறுக்கணும். தொங்கும்போது முறுக்குனா ரப்பர் பிஞ்சிரும்."

"எனக்கே பாடமா?" கூட்டாளி தாச்சோ ஜாக்கியின் திருகைத் தளர்த்தினான். "ரெண்டு மணிக்கு உங்கப்பாவுக்குச் சர்ச்சுல பூசை. நீ இன்னும் குளிக்கலடா எருமை. இன்னிக்கே இதப் பண்ணணுமா?"

"அம்மா இதுலதான் வருவேங்குறாங்க."

சமையலறையிலிருந்து மிளகாய் வறுக்கும் நெடி வந்தது. டெலானோ ஊரின் பாதிப் பெண்கள் அங்கேதான் இருந்தார்கள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. பின்பக்க ஆக்சில், பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றி ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார வைத்தால் வண்டி அரையடி இறங்கிவிடும். ஆக்சில் மேலே இடிக்காதபடி சேஸிஸில் பிறைபோல் வெட்டி, அந்த இடத்துக்கு வலுவாக இரும்புப் பட்டை பூட்ட வேண்டும். முன்பக்கத்துக்குக் குட்டை ஸ்பிரிங். எல்லாம் அடங்கிய பெட்டி வசந்தத்திலிருந்தே கொட்டகையில் பிரிக்காமல் கிடந்தது.

வண்டியை இறக்கித் தரச் சொல்லிக் கேட்டது அப்பா பெர்மின்தான். முழங்கால் மடங்காத அவர், பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதில் ஏறித்தான் இருக்கையைப் பிடிப்பார்.

"சக்கரம் முடிவாகட்டும்பா. ரெண்டையும் ஒண்ணா மாத்திரலாம்" என்பான் எலிசேயோ.

"ஊர்வலம் போகவாடா கேக்குறேன்? ஏற முடியலடா."

இருபது அங்குலமா, இருபத்திரண்டா? சக்கரம் பெருத்தால் டயர் இளைக்க வேண்டும், அப்போதுதான் மொத்த உயரம் மாறாது. ஆனால் ஒல்லி டயர் திராட்சைத் தோட்டத்துப் பள்ளங்களைத் தாங்குமா? பளபளப்பா, கறுப்பா? தாழ்ந்த வண்டியில் பழைய இரும்புச் சக்கரத்தைப் பார்த்தால் ஊர்ப் பையன்கள் சிரிப்பார்கள். ஞாயிறுதோறும் எலிசேயோ படங்களைக் காட்டினான். அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

ஆகஸ்டில் வாளி வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த இடத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனது.

"மச்சான், என்னோட இருபத்திரண்டக் கழட்டித் தரேன்" என்றான் தாச்சோ. "இன்னிக்கு மட்டும் போட்டுக்க. வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான்."

"வேணாம்."

பழைய சக்கரங்களையே விட்டுவிட்டார்கள். கீழே இறங்கி நின்ற வண்டியைத் தாச்சோ ஒருமுறை சுற்றிவந்தான். சிரிக்கவில்லை.

குளித்து, வெள்ளைச் சட்டையோடு எலிசேயோ திரும்பியபோது அம்மா கறுப்பு உடையில் வாசலுக்கு வந்தாள். குள்ளமான ஒஃபேலியாவை இத்தனை வருடமும் இடுப்பைப் பிடித்துத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. எலிசேயோ ஓடிவந்தான். அதற்குள் அவள் கதவைத் திறந்து, முதுகைத் திருப்பி உட்கார்ந்து, கால்களை உள்ளே எடுத்துக்கொண்டாள். தரையைக் குனிந்து பார்த்தாள்.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"காலையிலம்மா."

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

தாச்சோ வேறு பக்கம் பார்த்தான். எலிசேயோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே குந்தினான். நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். ஏற்கெனவே இறுகியிருந்தவை, எதுவும் அசையவில்லை. அடுத்த சக்கரத்துக்குப் போனான்.