பின்சீட்டுக்கு வந்த புகை

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. மாம்பழச்சாலை சிக்னலில் ஒருநாள் சாயங்காலம் நின்றிருந்தபோது, எனக்குப் பின்னால் ஒரு பழைய கார் தன் வயதுக்கு ஒவ்வாத உறுமலோடு வந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை. நான் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

நகைச்சுவைக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

காருக்கு அடியில் படுத்திருந்த டோமினிக்கின் மூக்கின்மேல் ஒரு நட்டு விழுந்த அதே நொடியில் மாடியில் பூஜை மணி

(விட்டுவிட்டேன். மூக்கில் நட்டு விழுவது எல்லாருக்கும் தெரிந்த சிரிப்பு.)

இன்னொன்று:

ஒரு மனிதன் தன் குரலைத் தேடி எங்கெங்கோ

(இதையும். அவன் எங்கெங்கும் போகவில்லை. வீட்டு வாசலில்தான் படுத்திருந்தான்.)

அப்புறம் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "அந்தக் காரில் அவனைத் தவிர மூன்று பெண்கள் இருந்தார்கள்." எழுதி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கதை அந்த வரிக்குள் இருந்தது.

2

டோமினிக் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் திருச்சிக் கிளையில் வேலை பார்ப்பவன். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைக்குப் போகிற வழியில், ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் மனைவி லிசியோடு வாடகைக்கு இருக்கிறான். மாடியில் வீட்டுக்காரர் ஹரிஹரசுதன். டோமினிக் அதிர்ந்து பேசமாட்டான். பாலக்கரையில் மாமியார் வீட்டில் எல்லாரும் கூடிப் பேசும்போது அவன் தொடங்கிய பேச்சை வேறு யாராவது முடித்துவைப்பார்கள். பெரும்பாலும் லிசியின் தங்கை ஜென்சியின் கணவன் ஜேக்கப். துவாக்குடிப் பக்கம் தொழிற்சாலையில் இன்ஜினியர். எதையும் பட்டென்று சொல்பவன்.

(ஜேக்கப்பைக் கெட்டவனாக்கினால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவன் கெட்டவன் இல்லை. சத்தமாகப் பேசுகிறவன், அவ்வளவுதான்.)

பழைய கார் ஒன்றை வாங்கிய பிறகு டோமினிக்குக்குக் காணொளிகள் பார்க்கும் பழக்கம் வந்தது. இன்ஜினிலிருந்து புகையை வாங்கி வெளியே அனுப்புகிற கனத்த வார்ப்பிரும்புத் துண்டைக் கழற்றிவிட்டு, நான்கு குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேர்கிற புதியதொன்றை மாட்டலாம். அதற்கு ஹெடர் என்று பெயர். வண்டி தாராளமாக மூச்சுவிடும், இழுவை கூடும், சத்தம் மாறும். இழுவை கூடுவதைப் பற்றி அவன் லிசியிடம் நிறையச் சொன்னான். சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தான். காரைத் தூக்கி மரக்கட்டைகளில் நிறுத்தினான். துருவேறிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து, கழற்றி, ஒரு போல்ட்டை முறித்து, தலையில் கைவைத்து, மறுபடி எழுந்து தட்டினான். மாடியிலிருந்து ஹரிஹரசுதன் எட்டிப்பார்த்தார்.

"டோமினிக் சார், ஆத்துல ஸ்வாமிக்கு நைவேத்யம் ஆயிண்டிருக்கு. இந்தத் தட்டல் இன்னும் எவ்வளவு நாழிக்கு?"

"இதோ முடிஞ்சிடும் சார்."

முடியவில்லை. புதுக் குழாயின் வாயும், வண்டிக்கு அடியில் பின்னோக்கி ஓடும் பழைய குழாயின் வாயும் சேரவில்லை. விரற்கடை இடைவெளி. பட்டறைக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைத்திருக்க வேண்டும். அவனோ பால்பவுடர் டின்னை வெட்டிச் சுற்றினான். மேலே பசையைப் பூசி, ஒரு கிளாம்ப்பைப் போட்டு முறுக்கினான். அந்த இணைப்புக்குச் சற்றுப் பின்னால், பின்சீட்டில் உட்காருகிறவர்கள் கால் வைக்குமிடத்தில், தகரம் துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தது. அது அவனுக்குத் தெரியும். மழைநாளில் காலடி விரிப்பு நனைவதைப் பார்த்திருக்கிறான்.

இங்கே நான் அவனுக்குச் சலுகை காட்டப் பார்த்தேன். 'புகை கசிந்தால் ஆபத்து என்பது அவனுக்குத் தெரியாது' என்று எழுதினேன். பிறகு அடித்தேன். காணொளியில் அதைச் சொல்லும் பகுதியை அவன் முழுதாகப் பார்த்திருந்தான். அடுத்த வாரம் பட்டறையில் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

சாவியைத் திருப்பினான். வாசல் முழுக்க அதிர்ந்தது. காருக்குள் தனியாக உட்கார்ந்து டோமினிக் வாய்விட்டுச் சிரித்தான். பின்னால் என்ன நடந்தாலும் இந்தச் சிரிப்பைக் கதையிலிருந்து எடுக்க எனக்கு மனமில்லை.

முதல் ஓட்டத்திலேயே லிசி மூக்கைச் சுளித்தாள்.

"ஏதோ வாடை வருதுங்க."

"புதுக் குழாய் சூடாகுதுல்ல. புதுச் சட்டி மாதிரி. நாலு தடவை ஓடினா போயிடும்."

3

பட்டறைக்குப் போவதற்கு முன்பே பூண்டி மாதா கோயிலுக்குப் போகவேண்டி வந்தது. ஜென்சிக்கு ஏழு மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை. நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டுதல். ஜேக்கப்புக்கு ஷிப்ட் இருந்தது. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் டோமினிக். அந்த வாக்கியத்தை யாரும் முடித்துவைக்கவில்லை. அவனே முடித்தான்.

லிசி முன்னால், ஜென்சியும் மாமியார் அற்புதம்மாளும் பின்னால். தூறலாக இருந்ததால் பின்கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். டோமினிக் மட்டும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தான். சத்தத்தைக் கேட்பதற்காக.

கோயிலில் பூசை முடிந்ததும் லிசியும் ஜென்சியும் மெழுகுவர்த்தி ஏற்றப் போனார்கள். அற்புதம்மாள் காருக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் தூக்குச்சட்டியைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம், இறால் தொக்கு. பாலக்கரைத் தேவாலயப் பங்கில் அவர் கைப்பக்குவத்துக்குத் தனிப்பேர்.

"பசியோட இருப்பீங்க மாப்பிள்ளை. நீங்க முதல்ல சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் தொக்கு வைங்கத்தை" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மற்றவர்கள் வந்து சாப்பிட்டபோது அவன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

திரும்பும் வழியில் கல்லணையில் கூட்டம். குறுகலான பாலத்தில் வண்டிகள் முன்னும் நகராமல் பின்னும் நகராமல் நின்றன. இன்ஜினை அணைக்கவில்லை. ஜென்சி தலை வலிக்கிறது என்றாள். அப்புறம் குமட்டுகிறது என்றாள். கதவைத் திறந்து வாந்தியெடுத்தாள். அற்புதம்மாளும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாலத்தைக் கடந்து கொஞ்சதூரம் வந்ததும் ஜென்சியின் தலை தாயின் தோளில் துவண்டது.

"ஜென்சி! ஏங்க, இவ கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறா! கண்ணாடியெல்லாம் இறக்குங்க!" என்று லிசி கத்தினாள்.

கண்ணாடியை இறக்கும்போதே டோமினிக்குக்குத் தெரிந்துவிட்டது.

4

திருவானைக்காவல் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஜென்சியை உள்ளே கொண்டுபோனார்கள். ஜேக்கப் தொழிற்சாலைச் சீருடையோடே ஓடிவந்தான்.

"என்ன சாப்பிட்டா அத்தை?"

"எலுமிச்சைச் சாதம்பா... இறால் தொக்கு" என்றார் அற்புதம்மாள். "காலையில வாங்கின இறால்தான்."

"மாசமா இருக்கிற பொண்ணுக்கு, மத்தியானம் வரைக்கும் சட்டியில கிடந்த இறாலா? உங்களுக்கும் தலை சுத்துதுல்ல? லிசிக்கா, உங்களுக்கு?"

"லேசா தலைவலி."

அவன் டோமினிக்கின் பக்கம் திரும்பினான். "நீங்க மட்டும் நல்லா இருக்கீங்களேண்ணே. நீங்க இறால் சாப்பிட்டீங்களா?"

(இந்த இடத்தில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அவனுக்கு வேறு பதில் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கேள்வி மிகச் சின்னது. உண்மையான பதிலும் ஒரே சொல்தான்.)

"இல்லை. நான் இறாலைத் தொடலை."

அற்புதம்மாள் தலை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். கோபமில்லை. புரியாத பார்வை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். "நான்தான்... என் கையாலதான்..."

டோமினிக் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டரம்மா வெளியே வந்ததும் பின்னாலேயே போனான். தாழ்வாரத்தின் கோடியில் வைத்துச் சொன்னான்.

"டாக்டர், காருக்குள்ள புகை வந்திருக்கும். நான்தான் குழாய் மாத்தினேன். சரியா பொருந்தலை."

அவர் முகம் மாறியது. "இதை வந்ததுமே சொல்ல வேண்டாமா? வயித்துல குழந்தை இருக்கு!"

ஜென்சிக்கு உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். அற்புதம்மாளுக்கும் லிசிக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்து, அவர்களுக்கும் வைத்தார்கள். மயக்கத்துக்கு வைக்கிறார்கள் என்று வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். இரவுக்குள் ஜென்சி எழுந்து பேசினாள். குழந்தையின் துடிப்பும் சீராக இருந்தது.

"வீட்டுல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று டாக்டர் கேட்டார்.

"நானே சொல்லிடறேன் டாக்டர்."

அவர் நம்பினார். அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

5

மறுநாளே ஹெடரைக் கழற்றிப் பழைய துண்டை மாட்டி, அடித் தகரத்தைப் பட்டறையில் அடைத்துக்கொண்டு வந்தான். கார் பழையபடி ஊமையாகிவிட்டது. லிசி ஏனென்று கேட்டாள்.

"மாடியில சத்தம்னு சொல்றாங்க" என்றான். ஹரிஹரசுதன் அன்றைக்குத் தட்டலைப் பற்றிக் கேட்டதோடு சரி, காரின் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

குழந்தை பிறக்கட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தான். அதுவரை பயம். பிள்ளைக்கு ஏதாவது குறை இருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், ஆபீசில் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துப்போகும். பெண் குழந்தை பிறந்தது. குறையொன்றுமில்லை. அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதான். ஆனால் எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் அந்த அழுகையோடேயே வந்துவிட்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை என்பதை அற்புதம்மாள் வீட்டில் பார்த்தான். பிள்ளை பெற்ற மகள் தாய்வீட்டில் படுத்திருந்தாள். பத்தியச் சாப்பாடு ஜேக்கப்பின் வீட்டிலிருந்து கேரியரில் வந்தது. ஜேக்கப் மரியாதையாகத்தான் சொன்னான்: "உங்களுக்கு எதுக்குத்தை சிரமம்." அற்புதம்மாள் கேரியரைப் பிரித்து, யாரோ சமைத்த பூண்டுக் குழம்பை மகளுக்குப் பரிமாறிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிவைத்தார். திருவிழாவுக்குச் சமைக்கக் கூப்பிட்ட பங்கு ஆட்களிடமும் உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் டோமினிக் காபி டம்ளரை வைக்க அடுக்களைக்குப் போனபோது அவர் மெல்லக் கேட்டார்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்குப் பூண்டியில நீங்க தொக்கு சாப்பிட்டீங்கல்ல? கேட்டு வாங்கினீங்களே."

அவர் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். தன் இறால் எல்லாருக்கும் விஷமாகவில்லை என்று ஒருவர் சொன்னால் போதும் அவருக்கு.

(அவன் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். சொல்வதற்கு வாயையும் திறந்தான்.)

"இல்லத்தை. நான் வெறும் சாதம்தான் சாப்பிட்டேன். உங்களுக்கு ஞாபகம் மாறியிருக்கும்."

அற்புதம்மாள் அடுப்பைத் தணித்தார். "இருக்கும் மாப்பிள்ளை" என்றார். "வயசாகுதுல்ல."

6

முடிவுகள்.

அ) ஞானஸ்நான விருந்தில், எல்லார் முன்னாலும் டோமினிக் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். ஜேக்கப் அத்தையின் காலில் விழுகிறான். இதை எழுதினேன். நன்றாகவும் வந்தது. ஆனால் அதில் எல்லாரும் டோமினிக்கின் துணிச்சலைத்தான் பார்த்தார்கள். கிழித்துப்போட்டேன்.

ஆ) அற்புதம்மாளுக்கு எல்லாம் தெரியும். "எனக்கு அப்பவே தெரியும் மாப்பிள்ளை, போகட்டும் விடுங்க" என்கிறார். கூடாது. அவன் பாரத்தையும் அவரே சுமக்க வேண்டுமா?

இ) விருந்துச் சாப்பாடு ஓட்டலிலிருந்து வருகிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை. வருஷங்கள்

(விருந்து ஓட்டலிலிருந்துதான் வந்தது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.)

நடந்தது இது. ஞானஸ்நானம் முடிந்து வீடு திரும்பும்போது காரில் லிசி சொன்னாள்: "அம்மாவுக்கு மறதி வந்துடுச்சாம். நடக்காததெல்லாம் நடந்த மாதிரி ஞாபகத்துல இருக்காம். பயந்துபோய் அழறாங்க. நரம்பு டாக்டர்கிட்ட காட்டணுமாம். எனக்கு நாளைக்கு லீவு கிடைக்காது. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

"சரி" என்றான்.

மறுநாள் பாலக்கரையில் அற்புதம்மாள் வெளுத்த சேலையில், தலைவாரி, பொட்டலம்போல ஒடுங்கி நின்றிருந்தார். முன்கதவைத் திறந்துவிட்டான். ஏறி உட்கார்ந்தார். தில்லைநகரில், டாக்டர் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில் காரை நிறுத்தினான். இன்ஜின் அணைந்ததும் அவர் இறங்கவில்லை. குழந்தையைப்போல அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ளே போய் டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லணும் மாப்பிள்ளை? எனக்கு என்னாச்சுன்னு நீங்களே சொல்லிடறீங்களா?"

அவன் தொடங்க வேண்டிய வாக்கியத்தை முடித்துவைக்க இன்றைக்கு அங்கே ஜேக்கப் இல்லை. நானும் முடிக்கப்போவதில்லை. உங்களுக்கு மனம் கேட்காவிட்டால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவனைச் சட்டென்று அழவிட்டுவிடாதீர்கள். அழுதால் அந்த அம்மாள் தேற்றத் தொடங்கிவிடுவார். முதலில் அவன் பேசட்டும்.

அவர் காத்திருக்கிறார்.