குழலின் இடது விளிம்பு

எங்கள் சங்கத்தின் பதினோரு ரைபிள்களும் என் பொறுப்பு. சுடும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் குறுகலான அறையில் அவற்றை அடுக்கி வைப்பது, துடைப்பது, பழுது பார்ப்பது, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். ஒன்பது வருட வேலை. எனக்கு இது நன்றாக வரும். அதைச் சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை.

என் நாத்தனாருக்குச் சுடுவது நன்றாக வரும். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. மூன்று மாதம் முன்புவரை அவள் ஐந்து தோட்டா சுட்டால் இலக்கு அட்டையில் ஒரே துளைதான் தெரியும். பிறகு ஐந்தில் ஒன்றோ இரண்டோ விலகி விழத் தொடங்கின. கோச் அவள் மூச்சைக் குறை சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் மூச்சைத்தான் சொல்வார். ஸ்கூட்டர் பஞ்சரானாலும் அது சரியாக மூச்சு விடவில்லை என்பார் என்று முன்பெல்லாம் அவளே கிண்டல் செய்வாள். இப்போது கிண்டல் நின்றுபோய், சாப்பிடும்போதுகூட மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். தேர்வுப் போட்டிக்கான பட்டியல் இன்று மாலை நான்கு மணியோடு முடிகிறது, தன் பெயரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன் என்று காலையில் என்னிடம் சொன்னாள்.

குழலைப் பார்த்தீர்களா என்று அவள் இதற்கு முன் இரண்டு முறை கேட்டிருந்தாள். பார்த்தேன் என்றேன். பார்த்தது உண்மைதான். உள்ளே பளபளவென்று இருந்தது. நான் துடைத்தது எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன் என்பது இன்றுதான் உறைத்தது.

பழைய நாளில் குழலைத் துடைக்க நீளமான கம்பி வைத்திருந்தோம். அவசரத்தில் கம்பி வளையும், வளைந்த இடம் உள்சுவரை உரசும், சிலர் சோம்பேறித்தனமாக முன்வாய் வழியாகவே விட்டுக் குத்துவார்கள். அதற்குப் பதில் இழுகயிறு போதும் என்று, வேலைக்குச் சேர்ந்ததுமே கமிட்டியில் வாதாடி ஜெயித்தவள் நான். நுனியில் பித்தளைக் குண்டு, நடுவில் பிரஷ், பின்னால் வால்போலத் தடித்த துணி. குண்டைப் பின்பக்கம் போட்டால் முன்வாயில் வந்து விழும். பிடித்து ஒரே இழுப்பு. தோட்டா போகும் திசையிலேயே அழுக்கும் வெளியே போய்விடும். சுருட்டினால் கைக்குள் அடங்கும். இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டேன். கம்பிகள் மூலைக்குப் போயின.

இன்று காலை அவள் சொல்லிவிட்டுப் போன பிறகு, அவளுடைய ரைபிளின் வாய்க்குள் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டு, விளிம்பை உரசிக்கொண்டே வெளியே எடுத்தேன். வலது பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. இடது பக்கம் பஞ்சு இழை மாட்டியது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கயிறு தேய்த்த தடம், நகக்கீறல் அளவுக்கு. தோட்டா வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் புகை அந்தப் பள்ளத்தின் வழியாக முந்திக்கொள்ளும். தோட்டாவை ஓரமாக ஒரு தட்டுத் தட்டும்.

அடுத்த ரைபிளிலும் பஞ்சு இடது பக்கம் மாட்டியது. அதற்கடுத்ததிலும்.

மேஜையருகே வழக்கம்போல நின்று கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். நேராக இழுக்க எதிரே இடமில்லை, சுவர். அதனால் ஒன்பது வருடமாகக் கதவுப் பக்கம் சாய்த்தே இழுத்திருக்கிறேன். கயிற்றைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் துவைப்பேன். இடையில் அதில் ஒட்டிய மண்துகள் அரம்போல வேலை செய்திருக்கிறது. அதிகம் சுட்டவள் அவள். அதிகம் துடைக்கப்பட்டதும் அவளுடையது. மற்றவர்கள் சுடும் லட்சணத்தில் இந்த விலகல் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சரிசெய்வது எனக்குப் பெரிய காரியமில்லை. யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சர்வீஸ் பண்ணினேன் என்றால் போதும். ஆனால் அப்படிச் செய்தால், நன்றாகச் சுட்டாலும் மூச்சு சரியாகிவிட்டது என்றே அவள் நினைப்பாள். வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பாள். என் கெட்டிக்காரத்தனத்துக்காக அவள் தன்னையே சந்தேகப்படுவதா? இந்தக் கேள்வி எழுந்ததும் மனம் தெளிந்துவிட்டது. மேஜையைப் பின்சுவர்வரை இழுத்துப் போட்டு, எதிரே நேராக இழுக்க இடம் விட்டேன். போன் செய்து அவளை வரச் சொன்னேன்.

இரண்டு மணிக்கு வந்தாள். லென்ஸைக் கையில் கொடுத்து, முழுவதையும் சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவள் லென்ஸைக் குழலின் வாயில் வைத்துப் பார்த்தாள்.

"மூணு மாசமா என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணி."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க?"

"குழல் தேஞ்சது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நீ கேட்டப்பவே ஒழுங்கா பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

"சரியாகுமா?"

"ஆகும்."

"ஆகும்னா?"

"நான் சொன்னா ஆகும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தோடுதான் சிரித்தாள். "தப்பு பண்ணிட்டும் இந்தத் தெனாவட்டு குறையல பாருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

உலோகத்தைத் தேய்க்கும் பசை குழலுக்குள் போகாதபடி வாய்க்கு இரண்டு அங்குலம் கீழே துணியால் அடைத்தேன். உருண்டைத் தலையுள்ள பித்தளைத் திருகாணியைக் கை டிரில்லில் மாட்டி, தலையில் அந்தப் பசையைத் தடவி, விளிம்பில் வைத்துக் கீறல் தேய்ந்து மறையும்படி மெதுவாகச் சுற்றினேன். ஒரே பக்கம் அழுந்தாமல் கையை வட்டமாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் கெட்டுவிடும். நாற்பது நிமிடம் ஆனது. துணியை எடுத்து, மூலையில் கிடந்த கம்பிகளில் வளையாத ஒன்றைத் தேடிப் பின்பக்கமாக விட்டுத் துடைத்தேன். கயிற்றைத் தூக்கி எறியவில்லை. நேராக இழுத்து, தினமும் துவைத்தால் அது நல்ல சாமான்தான். பஞ்சுக்குச்சியை அவளிடமே கொடுத்தேன். சுற்றிலும் எங்கும் மாட்டவில்லை.

மூன்றரைக்குப் படுத்துச் சுட்டாள். முதல் இரண்டும், துடைத்தபோது போட்ட எண்ணெய் குழலில் இருந்ததால் கணக்கில்லை. அடுத்த ஐந்தை நான் தொலைநோக்கியில் பார்க்கவில்லை. அவள் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவதற்குப் பிறகு அந்தத் தோள் இறங்கியது. அதற்கப்புறம்தான் அட்டையைப் பார்த்தேன். ஒரே துளை, ஓரம் கொஞ்சம் பிய்ந்து.

கோச் பட்டியலோடு வந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன், குறை குழலில் இருந்தது, குழலைக் கெடுத்தவள் நான், பதினோரு ரைபிளையும் அப்படித்தான் துடைத்திருக்கிறேன் என்று. அவர் என்னை, அட்டையை, மறுபடி என்னைப் பார்த்தார். கமிட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். அவளிடம் திரும்பி, பெயரை எடுக்கவா வேண்டாமா என்று கேட்டார்.

அவள் ரைபிளின் மரக்கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. "இருக்கட்டும் சார்."

அடுத்த தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடினாள். "அண்ணி, இங்க நிக்காதீங்க. போய் மத்த பத்தையும் பாருங்க."

அது மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு நாளாகும். திருகாணியில் புதிதாகப் பசை தடவி, அடுத்த ரைபிளை எடுத்தேன்.